மரைக்கே

அவளுடைய பெயர் மரைக்கே. ஒல்லாந்துக்காரி.
அதைக் கேட்டதும் ஜெனூபா ராத்தா
முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தா.
"பொம்புள மரைக்காரா?
நம்மட பள்ளிவாசலுக்கு எப்ப வரும் புள்ள இந்தக் காலம்?"
மொழிபெயர்த்தேன்.
பகிடி பாதி வழியில் மௌத்தாகிப்போனது.

உப்புவெளி ஹோட்டல் மண்டபம்.
கண்ணாடிக்கு அப்பால் கடல்
சத்தத்தை அணைத்துவிட்ட டீவி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.
பதாகையில் 'முஸ்லிம் பெண்களும் மனித உரிமைகளும்',
அடியில் மூன்று நாடுகளின் இலச்சினை.

காலையில் கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறும்போதே
போன் வந்திருந்தது, எங்கள் பள்ளி நிர்வாகச் செயலாளர்.
"தங்கச்சி, காதிக் கோட்டுக் கதையெல்லாம்
வெள்ளக்காரனுக்கு என்னத்துக்கு?
முதல்ல அவன் வித்த குண்டு எங்கெங்க விழுந்ததெண்டு
கணக்குக் காட்டட்டும்."
அவர் சொன்னதில் பொய்யில்லை.
அதுதான் கஷ்டம்.

ராத்தா ரெண்டாயிரத்து ஆறிலிருந்து தொடங்கினா.
மூதூரிலிருந்து கந்தளாய்க்கு நடந்த நடை,
இடுப்பில் பிள்ளை, கையில் வெறும் குடம்,
செருப்பு அறுந்த இடம், அந்த இடத்து வெயில்.
மரைக்கேயின் பேனை அசையவில்லை.
"இது வேறு திட்டத்தின் கீழ் வருகிறது" என்றாள்,
மென்மையாகத்தான்.

பிறகு புருஷன். கட்டார். அங்கிருந்தே இன்னொரு நிக்காஹ்.
தாபரிப்புக் கேட்டுக் காதியாரின் வாசலில் நின்ற நாட்கள்.
இப்போது பேனை ஓடியது.
செயலாளரின் குரல் என் காதுக்குள் இருந்தது.
ராத்தாவின் குரல் என் வாய்க்குள்.
ஒரு சொல்லையும் நான் விழுங்கவில்லை.

"எனக்கு அவர் தரவேண்டிய ஹக்கு" என்றா.
அங்கே நின்றுவிட்டேன்.
இங்கிலீசில் அதற்கு 'உரிமை' என்றுதான் கிடைத்தது.
ஆனால் எங்களூரில் ஜனாஸாவைத் தூக்குமுன் கேட்பார்கள்:
மையித்திடம் யாருக்காவது ஹக்கு இருக்கிறதா?
கொடுக்கவேண்டியவன் கபுறிலும் உறங்க முடியாத சொல் அது.
நான் கண்டுபிடித்த சொல்லோ
யாரிடமும் எதுவும் கேட்காமல்
தனியாக, நேராக, இஸ்திரி போட்டு நின்றது.

பதினாலாம் கேள்வி:
தலையை மறைப்பது உங்கள் சொந்த விருப்பமா?
ஆம், இல்லை. இரண்டு பெட்டிகள்.
ராத்தா பெட்டிகளைப் பார்த்தா. மரைக்கேயைப் பார்த்தா.
"இவட ஊர்ல, இதோட நான்
பள்ளிக்கூடத்தில படிப்பிக்கலாமா எண்டு கேளு."

கேட்டேன்.
மரைக்கே நேர்மையானவள். கழுத்து வரை சிவந்தாள்.
எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம்,
அந்த நேரம் யார் ஆட்சி…
"அதைப் பொறுத்தது" என்றாள்.
தனக்கு அதில் உடன்பாடில்லை என்றும் சொன்னாள்.
அதையும் மொழிபெயர்த்தேன், கூலி வாங்குகிறவள் நான்.

"பதினேழு தரம் போனன் காதியாரிட்ட"
ராத்தா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னா.
"பதினேழு தரமும் இதத்தான் சொன்னாரு."

ஏசி மட்டும் இரைந்தது.
பிறகு அவவே சொன்னா:
"என்ட கேள்வியையும் எழுதச் சொல்லு.
எனக்கு லோஞ்சுக்கு நேரமாயிட்டு."
மரைக்கே ஓரத்தில், சின்ன எழுத்தில் எழுதினாள்.
ஓரத்தில் எழுதியவை அறிக்கைக்குள் வருவதில்லை.
எனக்குத் தெரியும்,
தட்டச்சு செய்கிறவளும் நான்தான்.

ராத்திரி, இஷாவுக்குப் பிறகு,
அதற்குப் பதினைந்து என்று இலக்கமிட்டேன்.
பெட்டிகள் வைக்கவில்லை.
பதில் எழுத அரைப்பக்கம் வெறுமையாக விட்டேன்.
பதினேழு தவணைகளையும் திகதி வாரியாகச் சேர்த்தேன்.

கடைசிப் பக்கத்தில்
மூன்று தூதரகங்களுக்கும் கீழே
இன்னொரு வரி:
பிரதி — செயலாளர், பள்ளிவாசல் நிர்வாகம், கிண்ணியா.